பிறந்த தேதிக்குள் மணி எப்படி நுழைகிறது

கோ என்ற புரோகிராமிங் மொழியில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு வேலை செய்யத் தொடங்கும் எல்லோரும் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் எரர் ஒன்று உண்டு. டேபிளில் பிறந்த தேதி என்று ஒரு ஃபீல்டு, கோடில் அந்தத் தகவலை வைக்கும் ஸ்ட்ரக்டில் அதற்கு டைம்.டைம் என்ற நேர டைப்பில் ஓர் இடம், குவெரி ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் வந்த மதிப்பை அந்த இடத்தில் நிரப்பும், அதாவது ஸ்கேன் செய்யும், வரியில் வந்து நின்றுவிடுகிறது. யூஇன்ட்8 ஸ்லைஸை டைம்.டைமுக்குள் வைக்க முடியாது என்கிற பொருளில் ஒரு நீண்ட செய்தி. நம் கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையில் நிற்கும் டிரைவர் தேதியை வெறும் பைட்டுகளாகத்தான் கொடுக்கிறது, நேரமாக மாற்றித் தரச் சொல்லி நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். தேடினால் உடனே பதில் கிடைக்கும்: கனெக்‌ஷன் ஸ்டிரிங்கின் கடைசியில் பார்ஸ்டைம்=ட்ரூ என்று சேருங்கள். சேர்த்தால் எரர் போய்விடும், நாமும் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டேட்டாபேஸில் இருந்தது 2024-01-15 என்ற மூன்று எண்கள்: வருடம், மாதம், நாள். அந்த செட்டிங்கைப் போட்டபிறகு நம் கைக்கு வருவது வருடம், மாதம், நாள், அதோடு 0 மணி, 0 நிமிடம், 0 விநாடி, 0 நானோவிநாடி, கூடவே எந்த ஊர் நேரம் என்ற ஒரு லொகேஷன். பின்னால் வந்த எதுவும் டேபிளில் இல்லை. டிரைவர் தானாக இட்டு நிரப்பியது. ஒரு முழு நாளாக இருந்தது இப்போது உலகக் கடிகாரத்தில் ஒரே ஒரு நொடியாக ஆகிவிட்டது, அந்த நொடி வேறு ஊர்க் கடிகாரத்தில் பார்த்தால் வேறு நாளில் விழும். தேதி சம்பந்தமாக நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

கோவின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் தேதிக்கென்று தனி டைப் கிடையாது. இது உண்மையிலேயே ஒரு குறை என்று நினைக்கிறேன். ஜாவாவும் இதே நிலையில்தான் ரொம்ப காலம் இருந்தது. பழைய ஜாவா.எஸ்க்யூஎல்.டேட், உள்ளே ஒரு மில்லிவிநாடிக் கணக்கை வைத்துக்கொண்டு வெளியே தேதி மாதிரி நடந்துகொள்ளும். 2014இல் ஜாவா 8 வந்தபோது லோக்கல்டேட், இன்ஸ்டன்ட் என்று இரண்டையும் தனித்தனி டைப்பாகப் பிரித்தார்கள், ஜாவா டேட்டாபேஸோடு பேசும் முறையான ஜேடிபிசியில் 4.2 முதல் தேதி ஃபீல்டை நேராக லோக்கல்டேட்டாகவே கேட்டு வாங்கலாம். பைத்தானில் டேட் தனி, டேட்டைம் தனி. கோவில் இருப்பது டைம்.டைம் மட்டும்தான், அது ஒரு கணத்தைக் குறிப்பது. ஆகவே நாளைக் கணமாக மாற்றும் வேலை, யாரும் கவனிக்காமல், டிரைவருக்குள் நடந்துவிடுகிறது.

இந்திய நேரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் எண்கள் இரண்டு: 5:30, 18:30. டிரைவரில் எந்த ஊர் நேரமாக எடுத்துக்கொள்வது என்று சொல்லும் லோக் என்றொரு செட்டிங் இருக்கிறது, எதுவும் சொல்லாவிட்டால் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதனால் 2024-01-15 என்பது யூடிசி நள்ளிரவாகப் படிக்கப்படும். தகவலை எழுத்தாக அனுப்பும் ஜேசன் வடிவத்துக்கு மாறி சென்னையில் இருக்கும் பிரவுசருக்குப் போனால், 15ஆம் தேதி காலை 5:30 என்று திரையில் வரும். நாள் சரியாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள், யாராவது ஃபார்மேட்டில் மணியை மறைத்தும் விடுவார்கள். அப்புறம் பயனர் அதே ஃபார்மில் தேதியைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்கிறார். டேட் பிக்கர் கொடுப்பது உள்ளூர் நள்ளிரவு. 15ஆம் தேதி 00:00 ஐஎஸ்டி (இந்திய நேரம்) என்பது யூடிசியில் 14ஆம் தேதி 18:30. சர்வர் அதை ஒழுங்காகப் படித்து டைம்.டைம் ஆக்குகிறது, டிரைவர் அதை லோக் சொன்னபடி யூடிசிக்கு மாற்றி 2024-01-14 18:30:00 என்று அனுப்புகிறது, ஃபீல்டு வெறும் தேதி என்பதால் மைஎஸ்க்யூஎல் மணியை வெட்டிவிட்டு 14ஐ வைத்துக்கொள்கிறது. எந்த இடத்திலும் எரர் இல்லை. ஒவ்வொரு படியும் தன்னளவில் சரியாகவே நடந்திருக்கிறது. பயனருக்கு மட்டும் பிறந்தநாள் ஒரு நாள் பின்னால் போய்விட்டது. பிக்கர் எப்போதும் நேரத்தை நள்ளிரவுக்கு இழுக்கும் வகையாக இருந்துவிட்டால், முகவரியை மட்டும் திருத்தி சேவ் செய்தால்கூட ஒவ்வொரு முறையும் இன்னொரு நாள் பின்னால் போகும்.

இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் நம்மைக் குழப்புவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அவற்றில் நிறைய அமெரிக்காவிலிருந்து எழுதப்பட்டவை. அங்கே கடிகாரம் யூடிசிக்குப் பின்னால் ஓடுகிறது, அதனால் யூடிசி நள்ளிரவை உள்ளூர் நேரத்தில் காட்டினாலே முந்தைய நாள் தெரிந்துவிடும். அவர்களுக்கு நாள் தவறுவது படிக்கும்போது. நமக்கு யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்பதால் படிக்கும்போது நாள் மாறாது, எழுதும்போதுதான் மாறும். அவர்கள் சொல்லும் அறிகுறியை வைத்து நம் கோடைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும், தவறான தேதி அதற்குள் டேபிளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். திரையில் தவறாகத் தெரிவதைவிட இது எவ்வளவோ மோசம், ஏனென்றால் பழைய சரியான மதிப்பு அழிந்துவிட்டது.

சரி, லோக்கை ஆசியா/கொல்கத்தா என்று வைத்துவிட்டால் தீர்ந்துவிடாதா? இந்த யோசனையை அடிக்கடி கேட்கிறேன். சமீபத்திய தேதிகளுக்கு ஓரளவு தீரும். பழைய தேதிகளை எடுத்துப் பாருங்கள். டைம்ஸோன் தகவல்களைத் தொகுக்கும் டிஇசட் டேட்டாபேஸில் இந்தியாவுக்கான பதிவு 5:30 என்று ஒரே வரியில் முடிவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியாவின் நேரம் யூடிசியைவிட 6:30 முன்னால். 1943 ஆகஸ்ட் 15இல் பிறந்த ஒருவரின் தேதியை கொல்கத்தா லொகேஷனோடு டைம்.டைம் ஆக்கினால் அது 00:00, ஆஃப்செட் (யூடிசியோடு உள்ள வித்தியாசம்) +06:30 என்று வரும். யூடிசியில் 14ஆம் தேதி 17:30. இதை இன்னொரு புரோகிராம் படித்து, இந்தியா என்றால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டு என்று கையால் கூட்டினால் 14ஆம் தேதி இரவு 11 மணி கிடைக்கும். பென்ஷன் வாங்குகிறவர்களின் பட்டியலில் 1943, 1944 பிறப்புகள் இன்னும் இருக்கின்றன, கண்ணில் பட்டால் 17:30 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும்.

இன்னும் பின்னால் போனால் மதராஸ் நேரமே வந்துவிடுகிறது. 1906 ஜனவரி 1இல் ஐஎஸ்டி வருவதற்கு முன், ரயில்வே மதராஸ் நேரத்தை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது, டிஇசட் டேட்டாபேஸும் 1870 முதல் 1906 வரை கொல்கத்தா பதிவில் அதையே வைத்திருக்கிறது. அதன் ஆஃப்செட் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. பழைய நில ஆவணம், நூலகப் பட்டியல், செய்தித்தாள் தொகுப்பு என்று 1890களின் தேதிகளை டேட்டாபேஸில் ஏற்றுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அப்படி ஒரு தேதியைக் கோவில் கொல்கத்தா நள்ளிரவாக்கி ஜேசனில் அனுப்பினால் ஆஃப்செட் +05:21 என்று மட்டும் எழுதப்படும், ஏனென்றால் அந்த ஃபார்மேட்டில் ஆஃப்செட்டின் விநாடிகளுக்கு இடமே இல்லை. அந்தப் பக்கம் படித்து மறுபடியும் கொல்கத்தா நேரத்தில் காட்டினால் 00:00:10. நள்ளிரவாக இருக்கிறதா என்று பார்த்து 'இது வெறும் தேதி' என்று முடிவு செய்யும் கோடு எங்காவது இருந்தால் அங்கே உடையும்.

இலங்கையில் வேலை செய்கிறவர்களுக்கு இவ்வளவு பின்னால் போக வேண்டியதே இல்லை. 1996 மே 25 நள்ளிரவில் கொழும்பு நேரம் +5:30இலிருந்து +6:30க்கு மாறியது. 24ஆம் தேதி இரவு 11:59க்கு அடுத்த நிமிடம் 25ஆம் தேதி 1:00 மணி. அதாவது அன்றைக்கு 00:00 என்று ஒரு நேரமே கொழும்புக் கடிகாரத்தில் வரவில்லை. அந்த நாளில் பிறந்தவர்கள் இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் வயதில் இருக்கிறார்கள், அவர்கள் பிறந்த தேதி எத்தனையோ டேபிள்களில் இருக்கும். லோக்கை ஆசியா/கொழும்பு என்று வைத்து 1996-05-25ஐப் படித்தால், இல்லாத ஒரு நேரத்தை உருவாக்கச் சொல்கிறோம். கோவின் ஆவணம் இதைப் பற்றி நேர்மையாகவே எழுதியிருக்கிறது: மாற்றத்தின் இரண்டு பக்க ஆஃப்செட்டில் ஏதாவது ஒன்றுக்குச் சரியான நேரம் கிடைக்கும், எது என்று உத்தரவாதம் இல்லை. ஒன்று 25 அதிகாலை 1:00, அல்லது 24 இரவு 11:00. இரண்டாவது கிடைத்தால் தேதியே தவறு. அதே வருடம் அக்டோபர் 26இல் +6:00க்கு இறக்கினார்கள், 2006 ஏப்ரல் 15இல் பழையபடி +5:30க்குத் திரும்பினார்கள். யோசித்துப் பாருங்கள், 2006 ஜனவரியில் யாரோ ஒருவர் மே மாதம் காலை 10 மணிக்கு என்று ஒரு சந்திப்பை யூடிசிக்கு மாற்றிச் சேமித்திருந்தால், ஏப்ரலுக்குப் பிறகு அது காலை 9:30 என்று காட்டியிருக்கும். எதிர்கால நிகழ்ச்சி என்றால் உள்ளூர் நேரத்தையும் ஊரின் பெயரையும் சேர்த்தே வைக்க வேண்டும், யூடிசி மட்டும் போதாது.

எனவே தேதி ஃபீல்டுகளுக்கு நான் செய்வது இது. வருடம், மாதம், நாள் மூன்றையும் மட்டும் வைத்திருக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரக்ட், அதற்கு டேபிளிலிருந்து படிக்க ஸ்கேன், டேபிளில் எழுத வேல்யூ என்று இரண்டு மெத்தட். ஸ்கேனுக்குள் டைம்.டைம் வந்தால் அதிலிருந்து மூன்று எண்களை எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுகிறேன், பைட்டாகவோ ஸ்டிரிங்காகவோ வந்தால் 2006-01-02 என்ற லேஅவுட்டில் (கோவில் வருடம்-மாதம்-நாள் வடிவத்தை இப்படித்தான் எழுதுவார்கள்) படிக்கிறேன். வேல்யூ மெத்தட் திருப்பித் தருவது 2024-01-15 என்ற வெறும் ஸ்டிரிங், டைம்.டைமைத் தரவே கூடாது, தந்தால் டிரைவர் மறுபடியும் லோக்கைப் பார்த்து மாற்றத் தொடங்கிவிடும். ஜேசனுக்கும் அதே ஸ்டிரிங்தான், மணியும் கிடையாது ஆஃப்செட்டும் கிடையாது. மொத்தமே ஐம்பது அறுபது வரி. சொந்தமாக எழுதப் பிடிக்காதவர்களுக்கு கூகுளின் கோ கிளவுட் லைப்ரரியில் சிவில் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, அதில் டேட் டைப் தயாராகக் கிடைக்கும். இப்படிச் செய்யும்போதும் லோக் யூடிசியாகவே இருக்கட்டும். யூடிசியில் இல்லாத நள்ளிரவு என்று ஒன்று கிடையாது, அதனால் டிரைவர் இடையில் என்ன செய்தாலும் நாள் நகராது.

உண்மையிலேயே கணமாக இருக்கும் ஃபீல்டுகள் வேறு கதை. பணம் வந்த நேரம், லாகின் ஆன நேரம், பதிவு உருவான நேரம், இதற்கெல்லாம் டைம்.டைம்தான் சரியான டைப், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது மைஎஸ்க்யூஎல்லின் இரண்டு டைப்புகள் நடந்துகொள்ளும் விதம். டேட்டைம் நீங்கள் கொடுத்த எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும், எந்த ஊர் நேரம் என்று அதற்குத் தெரியாது. டைம்ஸ்டாம்ப் உள்ளே யூடிசியில் வைத்துக்கொண்டு, வெளியே தரும்போது அந்த செஷனின் டைம்_ஸோன் மதிப்புக்கு மாற்றித் தரும். டிரைவரின் லோக்கும் சர்வரின் டைம்_ஸோனும் தனித்தனி, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது என்று டிரைவரின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, ஆனாலும் நிறையப் பேர் கவனிப்பதில்லை. சர்வர் ஐஎஸ்டியில் ஓடுகிறது, லோக் யூடிசி என்று வையுங்கள். காலை 10:00 என்று சர்வர் தருவதை டிரைவர் யூடிசி 10:00 என்று எடுத்துக்கொள்ளும். இப்போது உருவான பதிவு ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் இருக்கும், 'சமீபத்தில் வந்தவை' என்ற குவெரி எல்லாம் குழம்பும். ஐஎஸ்டியில் ஓடிய சொந்த சர்வரிலிருந்து யூடிசியில் ஓடும் கிளவுட் சர்வருக்கு மாறும்போது இது தலைகீழாகவும் நடக்கும். டைம்ஸ்டாம்ப் ஃபீல்டுகள் ஒரு மாதிரியும் டேட்டைம் ஃபீல்டுகள் இன்னொரு மாதிரியும் நடந்துகொள்வதால், பாதி டேட்டா சரி, பாதி தவறு என்று ஆகிவிடும்.

தீர்வு எளிமையானது. கனெக்‌ஷன் ஸ்டிரிங்கிலேயே டைம்_ஸோனை '+00:00' என்று கொடுத்துவிடுங்கள், லோக் யூடிசியாகவே இருக்கட்டும். அந்த மேற்கோள் குறிகளையும் கூட்டல் குறியையும் யூஆர்எல் முறையில் எஸ்கேப் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கூட்டல் குறி வெற்று இடமாகப் படிக்கப்படும். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் சர்வரில் டைம்ஸோன் டேபிள்கள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், எண்ணாகக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் டைம்ஸ்டாம்புக்கு ஓர் எல்லை இருக்கிறது: 2038 ஜனவரி 19, யூடிசி 03:14:07, நம் கடிகாரத்தில் காலை 8:44:07. இருபது வருட வீட்டுக் கடனின் கடைசித் தவணை நாள் இன்றைக்கே அதைத் தாண்டிவிடுகிறது, அந்த ஃபீல்டு டைம்ஸ்டாம்ப் என்றால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. அது நாள்தானே, வெறும் தேதியாக இருந்தாலே போதும்.

நுணுக்கத்தில் இழப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கோவின் டைம்.டைம் நானோவிநாடி வரை வைத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லில் அடைப்புக்குள் எண் போடாமல் டேட்டைம் என்று மட்டும் எழுதினால் விநாடியோடு நின்றுவிடும், 6 என்று போட்டால் மைக்ரோவிநாடி வரை. மீதியை அது வெட்டுவதில்லை, இயல்பான செட்டிங்கில் அருகிலிருக்கும் விநாடிக்கு முழுமையாக்குகிறது. நாளின் கடைசி என்பதற்காகப் பலர் 23:59:59.999 என்று எழுதுவார்கள். 2024-03-31 23:59:59.999 என்று அனுப்பிப் பாருங்கள், டேபிளில் இருப்பது 2024-04-01 00:00:00. நிதியாண்டே மாறிவிட்டது. அந்த வருடக் கணக்கில் வர வேண்டிய ரசீது அடுத்த வருடத்தில் போய் நிற்கும். கடைசி நொடியைத் தேடிப் போகாமல், ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு, அடுத்த ஏப்ரல் 1க்கு முன் என்று எல்லையை எழுதினால் இந்தப் பிரச்சினையே எழாது. டேபிளில் போட்டு எடுத்த நேரத்தையும் கையிலிருக்கும் நேரத்தையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். அது லொகேஷனையும் சேர்த்துப் பார்க்கும். ஈக்குவல் மெத்தட் இருக்கிறது, அதற்கு முன் கையிலிருப்பதை டேபிளின் நுணுக்க அளவுக்கு ரவுண்ட் செய்துகொள்ளுங்கள்.

காலி மதிப்புகள் பற்றிச் சுருக்கமாக. டேபிளில் 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, இருந்தால் டைம்.டைமுக்குள் ஸ்கேன் ஆகாது. கோ 1.13 முதல் எஸ்க்யூஎல்.நல்டைம் இருக்கிறது, 1.22 முதல் எந்த டைப்புக்கும் பொதுவான வடிவமும் இருக்கிறது. பழைய மைஎஸ்க்யூஎல் டேபிள்களில் 0000-00-00 என்ற மதிப்பு கிடக்கும், அதை டிரைவர் கோவின் ஜீரோ நேரமாக, அதாவது முதலாம் ஆண்டு ஜனவரி 1 ஆக, மாற்றித் தரும். எழுதும்போதும் ஜீரோ நேரம் 0000-00-00 ஆகத்தான் போகும், 5.7க்குப் பிறகான இயல்பான ஸ்டிரிக்ட் மோடில் சர்வர் அதை ஏற்காது. ஆகவே நிரப்பாமல் விட்ட ஒரு ஃபீல்டு உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பழைய செட்டிங்கில் போய்விடும், புரொடக்‌ஷனில் எரர் அடிக்கும்.

மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறவர்கள் இதில் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம், ஆனால் டைம்ஸ்டாம்ப்டிஇசட் என்ற பெயரைப் பார்த்து டைம்ஸோனும் சேர்ந்து சேமிக்கப்படுகிறது என்று நினைக்காதீர்கள். 8 பைட்டில் ஒரு கணம் மட்டும்தான் இருக்கிறது, ஊர் எதுவும் இல்லை. எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் தேதிக்கென்று டைப்பே கிடையாது, எழுத்தாகவோ எண்ணாகவோ நீங்கள் போட்டதுதான்.

டெஸ்ட் எழுதும்போது இன்றைய தேதியை மட்டும் வைத்து எழுதாதீர்கள், அது பெரும்பாலும் பாஸ் ஆகிவிடும். 1943-08-15, 1996-05-25, ஒரு மார்ச் 31, ஒரு 'நல்' ஆகிய நான்கையும் டேபிளில் எழுதி, திரும்பப் படித்து, ஜேசனாக்கி, அதைப் படித்து மறுபடியும் எழுதி, நாள் மாறவில்லையா என்று பாருங்கள். இதை டிஇசட் என்விரான்மென்ட் வேரியபிளை யூடிசி, ஆசியா/கொல்கத்தா, ஆசியா/கொழும்பு, அமெரிக்கா/நியூயார்க் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். லேப்டாப் ஐஎஸ்டியிலும் கன்டெய்னர் யூடிசியிலும் இருப்பதால்தான் 'என் மெஷினில் சரியாக வருகிறதே' என்ற பேச்சு இந்த விஷயத்தில் இவ்வளவு அதிகம். ஸ்கிராட்ச் என்ற காலி கன்டெய்னர் இமேஜில் ஓட்டினால் டைம்ஸோன் ஃபைல்களே உள்ளே இருக்காது, ஊர் நேரத்தை ஏற்றும் லோட்லொகேஷன் எரர் கொடுக்கும். கோ 1.15இல் வந்த டைம்/டிஇசட்டேட்டா பேக்கேஜை மெயினில் இம்போர்ட் செய்துவிட்டால் போதும், பைனரியில் சுமார் 450 கேபி கூடும்.